நல்ல நேரம்

கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கிறது ஷார்ஜா.
ஆகஸ்ட். விடியற்காலை மூன்றே கால்.
உள்ளே, திரையில், ஒரு விண்மீன்
விநாடிக்கு முப்பது துகளாக வந்துகொண்டிருக்கிறது.
தவறு. வந்தது, பதினோரு வருடம் முன்பு,
ஒரு செயற்கைக்கோளின் கண்ணுக்கு.
கிளம்பியது அதற்கும் ஐம்பது வருடம் முன்னால்.

என் ஜன்னலில் அது தெரியாது.
தெற்கே தொடுவானத்தில் ஒரு பாகை எழுந்து
தூசிக்குள்ளேயே இறங்கிவிடும்.
உச்சிக்கே வந்தாலும் பயனில்லை,
எக்ஸ் கதிரை இந்தக் காற்று கீழே விடாது.
ஆகவே எனக்கு விண்மீன் என்பது மளிகைக்கடை நோட்டு:
வந்த நேரம், வந்த ஆற்றல், விழுந்த கட்டம்,
வந்த நேரம், வந்த ஆற்றல், விழுந்த கட்டம்.

முதல் வேலை நல்ல நேரம் குறிப்பது.
சிரிக்காதீர்கள், அதன் பெயரே அதுதான்.
பூமியை நெருங்கும்போது கதிர்ப்பட்டைக்கு அஞ்சி
கோள் கண்ணை மூடிக்கொண்ட மணிகள் கழிவு.
புரோட்டான் மழை அடித்த நிமிடங்கள் கழிவு.
மிச்சம்தான் நல்ல நேரம்.
ரோலாவில் கடைக்காரர் இனாமாகத் தந்த நாள்காட்டியோ
பத்தே முக்கால் முதல் பதினொன்றே முக்கால் என்கிறது.
இரண்டில் ஒன்றைத்தான் நம்புகிறேன்.
விசா புதுப்பிக்கும் வாரத்தில் இரண்டையும்.

கொரோனா என்று சொன்னால்
தொலைபேசியில் அம்மாவுக்கு இன்னும் திக்கென்கிறது.
ஒளிமுடி என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.
மேற்பரப்பு ஐயாயிரம் பாகை,
முடியோ கோடிக்கு மேல்.
அடுப்பைவிட்டு நகர நகரச் சூடு ஏறும் சமையலறை.
அரை நாளில் தன்னைச் சுற்றிவிடும் அவசரக்காரி.
அவளுடைய ஓய்வே
நம் சூரியனின் உச்சக் கோபத்தைவிடப் பெரிது.

நான் தேடுவது வெடிப்பை அல்ல.
வெடிப்பு எளிது: சட்டென ஏறும், மெல்ல ஆறும்.
அவற்றையெல்லாம் வெட்டி எடுத்தபின் கிடக்கும் அடிக்கோடு
வருடக்கணக்கில் ஏறி இறங்குகிறதா?
சூரியனுக்குப் பதினோரு வருடம்.
இவளுக்குப் பதினைந்து என்றாள் மரிவிக், மணிலாவுக்குத் திரும்பும் முன்.
பதினேழு என்று எழுதிவைத்துப் போனார் முவாவியா,
கார்ட்டூமுக்கா கெய்ரோவுக்கா, யாருக்கும் தெரியாது.
ஆளுக்கு இரண்டு வருட ஒப்பந்தம்.
அதில் பதினேழு வருடத்தைத் தேடுகிறோம்.

ஜூலையில் அடிக்கோடு ஏறியது.
ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் மகிழ்ந்திருந்தேன்.
லிஃப்டில் தெரியாதவர்களுக்கெல்லாம் ஸலாம் சொன்னேன்.
பத்தாம் நாள், முவாவியாவின் நிரலில்
நானூறாவது வரிக்குக் கீழே ஒரு குறிப்பு:
இந்த ஏற்றத்தை நம்பாதே.
விண்மீன் அல்ல, கருவி.
நானும் ஒரு வாரம் ஏமாந்தேன்.

மறுநாள் மருத்துவ மையத்தில் என் எண் இருநூற்றுப் பதினான்கு.
முன்னால் புதிதாய் வந்த ஓட்டுநர்கள், பின்னால் ஒரு செவிலி.
"டாவாமாலா" என்றார் ஊழியர். தவமலர், நான்தான்.
குளிர்ந்த பலகையில் மார்பை ஒட்டி நின்றேன்.
"ஸான்ஸ் ரோக்கோ."
ஒரு நொடி. என் விலா எலும்புகளைத் தாண்டி
எத்தனை துகள் அப்பால் போய்ச் சேர்ந்ததோ,
அதை யார் எண்ணினாரோ.
வெடிப்பில்லை, நிழலில்லை, தகுதி உண்டு.
இன்னும் இரண்டு வருடம்.

நேற்றிரவு இந்த வருடத்துப் புள்ளியை வைத்தேன்.
பிழைக்கோடு, ஏற்றத்தைவிட உயரமாக நிற்கிறது.
முவாவியாவின் குறிப்புக்குக் கீழே
நானும் ஒன்பது நாள் என்று சேர்த்தேன்.
எதிர்க் கட்டடத்தில் இரவு ஷிஃப்டின் வெல்டிங் பொறி
ஈரக் கண்ணாடியில் உடைந்து உடைந்து தெரிகிறது.
கோடு ஏறுகிறதா என்றால்
தெரியாது.
இறங்கவில்லை.