செக்கிங் நாள்

இன்றைக்குச் செக்கிங்.
காரைக்குடியில் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு
பெயின்ட் அடிக்கப் போன யூட்
விடியப்புறம் மாட்டுத்தாவணியில் இறங்கி
திருமங்கலம் பஸ்ஸில் நின்றபடி தூங்கி
உச்சப்பட்டிக்கு வந்து சேர்ந்தார்.
காது மடலில் வெள்ளை, இமையில் கொஞ்சம் பச்சை.
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுகிறேன்.
ஆபீசர் எண்ணுகிறபோது
முகம் படத்தில் இருக்கிறமாதிரி இருக்கவேணும்.

"கெதியா வெளிக்கிடு பிள்ளை" என்கிறேன்.
"வெரசா கெளம்புன்னு சொல்லும்மா"
என்று ரிப்பன் கடித்த வாயோடு திருத்துகிறாள் நிரோஜினி.
ஏழு வயசு. மதுரை பெரியாஸ்பத்திரியில் பிறந்தவள்.
சண்டை வந்தால்
கப்பலூர் லாரிக்காரர் பேச்செல்லாம் அவள் வாயில்.

போன கிழமை காய்ச்சல் என்று
பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.
என்ன கிழமை என்று டீச்சர் கேட்டாவாம்.
வகுப்பே சிரித்ததாம்.
அதற்குப் பிறகு
என் கடிதங்களை அவளே சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
ஒரே பாஷைதான்.
ஆனாலும் எனக்கு மகள்தான் மொழிபெயர்ப்பாளர்.

டெனிசனுக்கு மூன்று வயசு.
அவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை.
என்னுடைய ஓமையும்
அக்காவின் ஆமாவையும் சேர்த்துக் குழைத்து
ஓமா என்கிறான்.
சோறு வேணுமா? ஓமா.
அடிக்கட்டுமா? அதற்கும் ஓமா.

இதே வயசில்தான் நான் படகில் வந்தேனாம்.
எனக்கு ஞாபகம் இருப்பது
யாரோ என் மேல் எடுத்த வாந்தியும்
அதைக் கழுவக் கடல்தண்ணி அள்ளிய
ஒரு நீலப் போணியும்தான்.
மன்னார் எப்படி இருக்கும் என்று பிள்ளையள் கேட்டால்
போணியைச் சொல்கிறேன்.
வேறென்ன சொல்ல?

வரிசையில் வெயில் ஏறிவிட்டது.
புது ஆபீசர், சின்னப் பெடியன்,
கழுத்தில் கைக்குட்டை.
"பேரு? ... எந்த ஊரும்மா?"
நிரோஜினியைத்தான் கேட்கிறார்.
"மதுரை சார்."
பேனா ஒரு நொடி நின்றது.
பிறகு
மேல் வரியில் இருந்த இரண்டு புள்ளிகளை
அப்படியே கீழே இறக்கினார்.
மேல் வரி நான்.
நாடு என்ற கட்டத்தில்
என்னைப் பார்த்து எழுதினால் போதும் அவளை.

டெனிசன் என் தோளில் நித்திரை.
"முகத்தைத் திருப்புங்க."
திருப்பினேன். கண் திறந்து
மீசையைப் பார்த்தான்.
"நீதான் டெனிசனா?"
"ஓமா."
ஆபீசர் சிரித்துவிட்டார். யூட்டும் சிரித்தார்.
எனக்குத்தான் தோள் வலித்தது.

பின்னேரம்
ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன்.
வாசலில்
கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் நிரோஜினி.
மடியில் கணக்கு நோட்டு.
எதிரே வரிசையாய் எங்கள் செருப்புகள்,
பக்கத்து வீட்டுக் கோழி, டெனிசன்.
"இந்தச் செருப்புக்கு ஜோடி எங்க?
ஆளு இல்லைன்னா காசு கெடையாது பாத்துக்க."
கோழி வரிசையை விட்டு ஓடுகிறது.
தம்பி துரத்துகிறான்.
அவள் அசையவில்லை.
நிமிர்ந்து அடுப்படியைப் பார்த்தாள்.

"அடுத்து, அம்மா.
எந்திரிச்சு நில்லும்மா."

புளிக் கையோடு எழுந்து நின்றேன்.

"எந்த ஊரு?"

வாயைத் திறந்தேன்.
அவள் பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு
காத்திருக்கிறாள்.