இருமுறை கழித்த பதினாலு

பாலம் போன இரவே
கோபுரத்தின் சிவப்பு விளக்கும் போயிற்று.
கைபேசியை விமான நிலைக்கு மாற்றினேன்,
வானம் ஒரு கீற்றாக மட்டும் தெரியும்
பர்த்தாங் பள்ளத்தாக்கில்.
மின்கலத்தில் முப்பத்தொரு சதவீதம்.

பள்ளிக்கூடத்துப் பூகோள அறை.
பசிபிக் பெருங்கடலில் முதுகைச் சாய்த்து
மடியில் பைத்தான் குறிப்பேட்டைத் திறந்தேன்.
"பாம்பா?" என்றான் அமிர்ஷோ, ஒன்பது வயது.
பாம்புதான்.
கடிக்காது.
வரியின் முன்னால் ஓர் இடைவெளி தப்பினால்
சீறும்.

மேலேரியின் மட்டம், தொண்ணூறு நாள்.
காலையும் மாலையும் நெக்கதம் ஏறிப்போய்க் குறித்தவை.
போன வெள்ளத்தில் அளவுக்கம்பம் சேற்றில் இறங்கியதையும்
அவன்தான் கண்டுபிடித்தான்,
இடுப்புப் பட்டையைக் கழற்றி அளந்து:
பதினாலு சென்டிமீட்டர்.
எல்லா நாளிலும் அதைக் கழிக்க வேண்டும்.
மூன்றாம் கட்டத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

கோடு பொருத்தும் நிரல்தொகுப்பு இல்லை என்றது குறிப்பேடு.
இறக்கிக்கொள் என்றது.
எங்கிருந்து?
ஆற்றுக்கு அந்தப்பக்கம் லாரிகளே நிற்கின்றன.
சரி, கையால் எழுது.
கூட்டு, சராசரி எடு, விலகலை வர்க்கப்படுத்து.
துஷான்பேயில் கடைசி வரிசையில் தூங்கிக் கழித்த பாடத்தை
ஒற்றைக் கட்டைவிரலால்
மறுபடி எழுதித் தேர்ந்தேன்.

ஓடிக்கொண்டிருக்கும் கட்டத்தின் பக்கத்தில்
அடைப்புக்குறிக்குள் ஒரு நட்சத்திரம் நிற்கும்.
வேலை முடிந்தால் எண்ணாக மாறிவிடும்.
ஜன்னலுக்கு வெளியே நிற்பவை
எந்தக் கணக்கில் இன்னும் ஓடுகின்றன என்று
யோசித்தேன்.
யோசித்ததில் இரண்டு சதவீதம் போயிற்று.

நாலு நாள்.
ஏரி கரையைத் தொட நாலு நாள்.
வாசலில் நின்றவர்கள் மூச்சு விட்டார்கள்.
"அப்படியென்றால் உருளைக்கிழங்கைத் தோண்டிவிடலாம்"
என்றாள் கீழ்வீட்டு ஸேவர்.
உப்புப்போட்ட பால்தேநீர் வந்தது,
வெண்ணெய் மிதக்க.
எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

குடித்துக்கொண்டே எண்களைப் பார்த்தேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாம் கட்டத்தின் பக்கத்தில் ஒன்பது.
அதற்குக் கீழே நாலு, ஐந்து.
ஒன்பது ஏன் அங்கே?

விரல் தவறித் தொட்டிருக்கிறது.
கழித்ததிலிருந்து மறுபடி கழித்திருக்கிறது.
திரையில் ஒரே ஒரு வரி, ஒழுங்கான வரி;
நினைவுக்குள் மட்டும் அது இரண்டு தடவை நடந்திருக்கிறது.
நாளுக்கு ஏழு சென்டிமீட்டர் ஏறும் நீரை
என் கட்டைவிரல்
பதினாலு கீழே தள்ளிவைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் மறக்கச் சொன்னேன்.
மறந்தது, உடனே, வருத்தமில்லாமல்.
மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக ஓட்டினேன்.
நட்சத்திரம், எண்.
நட்சத்திரம், எண்.
பத்தொன்பது சதவீதம். பதினேழு.
நட்சத்திரம் நின்றது, நெடுநேரம்.
அமிர்ஷோ என் தோளில் தாடையை வைத்திருந்தான்.

இரண்டு நாள்.

"இப்போதுதானே நாலு என்றாய்?"
ஸேவரின் கையில் கோப்பை பாதி நிறைந்திருந்தது.
ஆமாம், சொன்னேன்.
கைபேசி என்று சொல்ல வாய் வந்தது.
நான்தான் சொன்னேன், தப்பாக.
அவள் மீதித் தேநீரை
ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

கீழ்த்தெருப் போர்வைகள் எல்லாம்
பள்ளிக்கூடம் ஏறின.
ஆடுகள் ஏறின.
யாரோ ஒரு தையல் இயந்திரத்தை
முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார்.

குறிப்பேட்டைச் சேமித்து மூடினேன்.
பதினொரு சதவீதம்.
விளக்கைப் போட்டு
ஸேவரின் வயலுக்கு மேலே பிடித்தேன்.
மேல் வரிசையிலிருந்து தொடங்கினோம்,
ஒன்றையும் விடாமல்.

ஆறு வரிசை மீதியிருக்கும்போது அணைந்தது.
பிறகு தடவித் தடவி.
கிழங்கென்று நினைத்துக் கல்லையும்
கூடையில் போட்டோம்.