இரண்டாயிரம்

புதன் இரவு, ஷிஃப்ட் முடிந்து,
பன்னிரண்டு பேர் மாற்குவைத் திறக்கிறோம்.
ஓல்டன்பர்க்குக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்,
மாதா கோயிலின் பின்னறை.
சாவி ஹைல்விக்கிடம். காபியும் அவள்தான் வைப்பாள்.
எங்கள் ருமேனிய மொழி அவளுக்கு அரைகுறை,
அவள் ஜெர்மன் எங்களுக்கு அதைவிடக் குறை.
எத்தனை தேய்த்துக் குளித்தாலும் விரலிடுக்கில் கொழுப்பு;
பக்கம் புரட்டினால் தாளில் தடம் விழும்.

போதகர் கிடையாது.
ஆளுக்கொரு வசனம். பிறகு யாரும் பேசலாம்.
பெரும்பாலும் பேசுவதில்லை,
தூக்கம் அப்படி.

இந்த வாரம் ஐந்தாம் அதிகாரம்.
படகிலிருந்து இறங்குகிறார்.
எதிரே ஓடி வருகிறான் ஒருவன்,
சங்கிலியை அறுத்தவன், கல்லால் தன்னையே கீறிக்கொள்பவன்.
பேர் கேட்டால்
ஒரு பட்டாளத்தின் பேரைச் சொல்கிறான்.
"நாட்டுக்குள் புகுந்தவன் ஆளுக்குள்ளும் புகுந்துவிட்டான்,
வேறென்ன" என்றான் டோரெல்.
எலும்பு நீக்கும் வரிசையில் நிற்பவன்,
பேச்சும் மூட்டுப் பார்த்துத்தான் இறங்கும்.

பிறகு பன்றிகள்.
இரண்டாயிரம் என்று நான் வாசித்ததும்
அறை மொத்தமும் சிரித்தது.
மத்தியானச் சாப்பாட்டுக்குள்
நாங்கள் முடிக்கிற கணக்கு அது.

ஃப்ளோரிகா மட்டும் சிரிக்கவில்லை.
"மேய்த்தவர்கள்?" என்றாள்.
"ஓடினார்கள் என்று போட்டிருக்கிறதே, அப்புறம்?
அன்றைக்குக் கூலி யார் கொடுத்தது?
முழுகின பன்றியை யார் சம்பளத்தில் பிடித்தார்கள்?"
அவள் சம்பளச்சீட்டு எங்களுக்குத் தெரியும்.
கத்திக்குப் பிடித்தம், பூட்ஸுக்குப் பிடித்தம்,
எட்டுப் பேர் அறையில்
ஒரு கட்டிலுக்கு முந்நூறு யூரோ.

பதில் இல்லை.
சொல்லிவிடுகிறேன்: ஆண்டவர்மேல் எனக்குக் கோபமே வந்தது.
அவர் படகேறிப் போயிருப்பார்.
மேய்த்தவன் கரையில் நின்றிருப்பான்,
கையில் கோல் மட்டும்.

ஹைல்விக் மெல்லச் சொன்னாள்:
"ஊரார் அவரைப் போகச் சொல்கிறார்கள், கெஞ்சி.
ஒருத்தன் பிழைத்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.
பன்றியைத்தான் எண்ணினார்கள்."
பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே,
"இங்கே கொட்டில்கள் என் தம்பியுடையவை."
யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை.

மரீன் எழுத்துக்கூட்டி வாசிப்பவன்.
நாங்கள் இருபதாம் வசனத்தில் இருக்க
அவன் விரல் மூன்றாவதில் நின்றுவிட்டது.
அந்த ஆள் குடியிருந்த இடம்.
கல்லறைகள்.

"இலாரியோன்" என்றான்.

பிப்ரவரியில் இலாரியோனின் மணிக்கட்டு போனது.
காண்ட்ராக்டர் பேரை அடித்தார்,
பேரோடு கட்டிலும் போயிற்று.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஊர்க் கல்லறைத் தோட்டம்,
அதில் மண்வெட்டி வைக்கும் கொட்டகை.
தெரியும். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டேதான்
புதன்தோறும் ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

மழை. மீந்த சூப்பை மரீன் தூக்கிக்கொண்டான்.
ஹைல்விக் வழியில் வீட்டுக்குள் போய்
செத்துப்போன கணவரின் கோட்டை எடுத்து வந்தாள்.
கொட்டகைக் கதவைத் தட்டியதும்
உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது.
போலீஸ் என்று நினைத்துவிட்டான்.

"இன்றைக்கு என்ன வாசித்தீர்கள்?" என்று கேட்டான்.
"பன்றி" என்றாள் ஃப்ளோரிகா.
சிரித்தான், இருமல் வந்து நிறுத்தும்வரை.

கவிழ்த்த தள்ளுவண்டிமேல் உட்கார்ந்து
இடது கையால் பொத்தான் போட்டான்.
மூன்று பொத்தான், வெகுநேரம்.
உடுத்தி, தெளிந்த கண்ணோடு,
உட்கார்ந்திருந்தான்.
இந்த இடத்தில்தான்
ஊரார் பயந்தார்கள் என்று எழுதியிருக்கிறது.
வாசித்தபோது விளங்கவில்லை.
இப்போது இவனை எங்கே படுக்க வைப்பது?
வெள்ளிக்கிழமை தலை எண்ணுவார்கள்.
நாலரைக்கு வேன்.

ஹைல்விக் கொத்திலிருந்து
பின்னறைச் சாவியைக் கழற்றப் பார்த்தாள்.
வளையம் இறுகிக் கிடந்தது, நகம்தான் உடைந்தது.
டோரெல் வாங்கி,
மூட்டைத் தேடுகிறவன்போல்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.