மட்டக்குதிரை

மட்டக்குதிரை என்று பெயர். மூன்று லிட்டர் கொள்ளும்.
இடது விலாவில் அதைத் தொங்கவிட்டுப் படகேறினால்
"ராண்டி இன்றும் ஒரு நுரையீரல் கூடுதலாகக் கொண்டுவருகிறாள்" என்பார்கள்.
சொல்லட்டும்.
பதினோரு வருடம் சுமந்தேன், ஒருமுறையும் வாய் வைத்ததில்லை.
கார் டயருக்குக்கூடக் கொடுத்ததில்லை.

பிப்ரவரி. பெர்கனுக்கு வடக்கே ஒரு ஃபியோர்டு.
நீர் நான்கு டிகிரி, ஆழம் முப்பத்தொரு மீட்டர்.
இங்வால்ட் என் துணை. துணை என்பது
படகில் எழுதிவைத்த பட்டியலில்.
கீழே போனால் அவனுக்கு உண்டு
நகத்தளவில் ஒரு கடல் நத்தை, காமிரா, அதன் வெளிச்சம்.
பத்து மீட்டர் தள்ளி
எனக்கு முதுகு காட்டிக் குப்புறக் கிடந்தான்.

ரெகுலேட்டர் உறைந்தது.
உறைந்தால் காற்று நின்றுவிடும் என்று நினைப்பீர்கள்.
நிற்காது. கொட்டும்.
வாய்க்குள் சீறி, கன்னத்தை அறைந்து,
முகக்கண்ணாடியைத் தள்ளி —
முள் நூற்றிருபதிலிருந்து சரிவதைக்
குமிழிகளின் இடுக்கில் பார்த்தேன்.
கத்தினேன் போலிருக்கிறது.
கை தேடவில்லை, அதற்கு இடம் தெரிந்திருந்தது.
துப்பினேன். மாற்றினேன். இழுத்தேன்.

வந்தது செப்டம்பர்.

செப்டம்பரில்தான் ஹால்டிஸின் படகுக் கொட்டகையில் இதை நிரப்பியது.
கம்ப்ரசரின் உறிஞ்சு குழாய் ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க
அதனடியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தாள் என் அக்கா சோல்வெய்.
"அந்தப் பக்கம் போய்த் தொலை, காற்றையே கெடுக்கிறாய்"
ஹால்டிஸ் ஸ்பானரோடு வெளியே ஓடினாள்.
அக்கா இரண்டடி நகர்ந்தாள். இரண்டே அடி.
டிசம்பரில் அவளைப் புதைக்க
உறைந்த மண்ணை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள்.

வடிகட்டியில் எல்லாம் போய்விடும், வாசனையே இராது
என்று அடித்துச் சொல்கிறாள் ஹால்டிஸ்.
இராதுதான்.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், கணக்கு அப்படி.
நான் நான்கு நின்றேன்.

படகில் இங்வால்ட் படத்தைக் காட்டினான்.
நத்தை ஊதா நிறம். மூலையில் ஏதோ மங்கல்.
"குமிழியா இது?" என்று கேட்டான்.

மறுநாள் கொட்டகையில்
மட்டக்குதிரையில் எழுபது பார் மிச்சமிருந்தது.
"பழசைத் திறந்துவிட்டு நிரப்பட்டுமா?"
"வேண்டாம், அதன் மேலேயே நிரப்பு."
ஹால்டிஸ் ஒன்றும் கேட்கவில்லை, மூடியைத் திருகினாள்.
வெளியே வந்து உறிஞ்சு குழாயடியில் நின்றேன்.
யாரும் என்னை விரட்டவில்லை.