இரண்டு புள்ளி பூஜ்ஜியம் ஆறு

மார்ச் மாதம் முழுக்கப்
பேருந்தில் ஏறினேன்.
வகுப்புக்குள் ஏறவில்லை.

ஷார்ஜா பல்கலைக்கழக நகரத்தில்
எல்லாக் கட்டடத்துக்கும் குவிமாடம்.
எதன் கீழே எனக்குப் பாடம் என்பது
தெரிந்தேதான் சுற்றிக்கொண்டு போனேன்:
நூலகம், மூன்றாம் தளம்,
சுவரைப் பார்த்த மேசை,
வெப்ப இயக்கவியல், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
மூன்று வாரமாக
அதே நூற்றுப் பன்னிரண்டு.

சோம்பேறி என்று வைத்துக்கொண்டேன்.
அது வசதியாக இருந்தது,
சோம்பேறிக்கு வீட்டில் ஒரு சொல் உண்டு.
இதற்கு இல்லை.
'மனசு சரியில்லை' என்றால்
அம்மா டீ போடுவாள்.
அப்பா ஏசியைக் கொஞ்சம் கூட்டுவார்.

அல் நஹ்தாவில் ஓர் அறை, ஒரு ஹால்.
பலகை அடித்த ஹால்
செபுவிலிருந்து வந்த தம்பதிக்கு உள்வாடகை.
அறையில் நாங்கள் நால்வர்.
துணி துவைக்கும் மெஷின்தான் என் மேசை.
அது சுழலும்போது
சமன்பாடுகள் நடுங்கும்.

அப்பாவின் கம்பெனி
'இன்ஷா அல்லாஹ், வியாழக்கிழமை' என்றது.
வியாழக்கிழமைகள் மட்டும் வந்தன.
காரை விற்றுவிட்டு
'பார்க்கிங் காசு மிச்சம்' என்றார்.
எல்லோரும் சிரித்தோம்,
தம்பி கூட.
அன்றிரவு பருவக் கட்டணத்தை
வகுப்பு நேரத்தால் வகுத்தேன்.
நான் போகாத ஒவ்வொரு மணி நேரமும்
நூற்றிருபது திர்ஹம்.
அந்த வருடம் எனக்குச்
சரியாக வந்த ஒரே கணக்கு.

ஜனவரியிலேயே கடிதம் வந்திருந்தது.
ஒன்று புள்ளி ஏழு ஒன்று.
இரண்டுக்குக் கீழே இன்னொரு பருவம் என்றால்
படிப்பு இல்லை.
படிப்பு இல்லை என்றால்?
அந்த வரியைக் கடிதம் எழுதவில்லை.
நானே எழுதிக்கொண்டேன்,
ஆறு விதமாக.

ஆலோசகர் நல்லவர்.
'ஒன்றிலிருந்து பத்துக்குள்
இன்று எப்படி இருக்கிறாய்?'
எத்தனைக்குப் பாஸ் என்று
கேட்க வாய் வந்தது.
நான்கு என்றேன்.
'யாருக்கெல்லாம் தெரியும்?'
யாருக்கும் தெரியாது என்றேன்.
நான்கை எழுதிக்கொண்டவர்
இதன் கீழே கோடு போட்டார்.

ரகத், மோசூல்காரி,
ஆய்வகத்தில் என் கூட்டாளி.
மூன்று வார அளவீடுகளைத் தனியாக எடுத்து
இருவர் பெயரும் போட்டு
என் மேல் கொதித்துக்கொண்டிருந்தாள்.
'எங்கே போய்த் தொலைந்தாய்?'
'பக்கம் நூற்றுப் பன்னிரண்டில்.'

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கையிலிருந்த ஸாத்தர் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்தாள்.
போன வருடம் அவளுக்கு
விடுதிச் சுவர் அப்படி இருந்ததாம்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
அறிவுரை இல்லை.
'நாளையிலிருந்து ஆறே முக்காலுக்கு
ஒரு மணி அடிப்பேன். எடுக்காதே.
எழுந்துவிட்டால் நீயும் ஒன்று அடி.'

அவ்வளவுதான் ஏற்பாடு.
காசில்லாத ஒரு மிஸ்டு கால்.
முதல் வாரம் அதற்குப் பயந்து எழுந்தேன்.
பிறகு, அதற்கு முன்னால்.
ஒருநாள் வகுப்பில்
கடைசிக்கு முந்தைய வரிசையில்
அவளுடைய பை உட்கார்ந்திருந்தது.
என்னைக் கண்டதும் எடுத்தாள்.

மே மாதம், தேர்வு வாரம்,
மணி வரவில்லை.
நான் அடித்தேன். பதில் இல்லை.
பேருந்திலிருந்து இறங்கி
விடுதி வரை ஓடினேன்.
வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை என்றார் காவலர்.
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன்,
நாற்பத்திரண்டு டிகிரியில்.
ஒரு மணி. நிறுத்து. ஒரு மணி. நிறுத்து.
காவலர் தன் தண்ணீர் பாட்டிலை
என் பக்கம் நகர்த்தினார்.
பதினோராவது முறை வைத்த பிறகு
கையில் போன் அதிர்ந்தது.
ஒரே ஒரு தடவை.

அன்றைய தேர்வுக்கு
இருபது நிமிடம் தாமதம், இருவரும்.

முடிவு வந்தபோது அப்பா
கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தார்.
'இரண்டுதானா?'
'இரண்டு புள்ளி பூஜ்ஜியம் ஆறு.'
அந்த ஆறு யாருடையது என்று அவர் கேட்கவில்லை.
அம்மாதான் கேட்டாள்,
தினமும் காலையில் அடித்து அடித்து
வைத்துவிடுவது யார் என்று.

மெஷினை நிறுத்தினேன்.
உட்காரச் சொன்னேன்.
ஜனவரியிலிருந்து ஆரம்பித்தேன்.

பக்கம் நூற்றுப் பன்னிரண்டிலிருந்து
தேர்வில் ஒன்றுமே வரவில்லை.