முள் அசையாதிருக்க

என்ஜின் உறுமியதும் எல்லோரும் கை தட்டினார்கள்.
பக்கத்து டயர் கடைக்காரன் பீர் வாங்கி வந்தான்.
நெரேய்தா தன் வேனின் மூக்கில் முத்தமிட்டுவிட்டு
"அப்போ திங்கட்கிழமை?" என்றாள்.
தலையாட்டினேன். என் தலை எப்போதும் முந்திக்கொள்ளும்.

அது வியாழன். கபோர்காவில் நாற்பத்தைந்து டிகிரி.

பழைய என்ஜினுக்கு கம்ப்ரசர் இடப்பக்கம்.
புதியதற்கு
(புதியதென்ன, தலைகுப்புறக் கவிழ்ந்த லாரியொன்றின்
நெஞ்சிலிருந்து எடுத்தது)
வலப்பக்கம்.
ஏசிக் குழாய்கள் இரண்டும்
தேடி வந்த வீட்டில் ஆளில்லாதது போல்
அந்தரத்தில் வாய் பிளந்து நின்றன.
தடித்தது ஒரு சாண் குறைவு.
மெலிந்தது நீளம் போதும், மரை ஒவ்வாது:
ஒன்று மில்லிமீட்டரில் பேசுகிறது, மற்றது அங்குலத்தில்.

இழுத்துக் கட்டிவிடேன் என்றான் டயர் கடைக்காரன்.
என்ஜின் குலுங்கும். குழாய்க்குத் தளர்வு வேண்டும்.
எக்ஸாஸ்டை விட்டு நான்கு விரற்கடை தள்ளிப் போக வேண்டும்,
பெல்ட்டைத் தொடக்கூடாது, பானட்டையும்.
கயிறு ஒன்றை வளைத்து வளைத்துப் பார்த்து
வெட்டி, நுனிகளில் முடிச்சிட்டு
பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்
எர்மோசியோவிலிருக்கும் பெர்னபேவுக்கு.
சனி மதியம் குழாயாகத் திரும்பி வந்தது கயிறு.

பச்சை ரப்பர் வளையங்கள். விரல்நுனியில் ஒரு சொட்டு எண்ணெய்.
டிரையரின் மூடியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்,
காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் அது,
இந்த ஊர்க் காற்றில்கூட எங்கிருந்தோ கண்டுபிடித்து.

பிறகு பம்ப்.
மற்ற வேலைகளில் எதையாவது ஊற்றி நிரப்பினால் முடிந்தது.
இதில் முதலில்
ஒன்றுமில்லாததைக் கொண்டு நிரப்ப வேண்டும்.
முக்கால் மணி நேரம் உறிஞ்சவிட்டு, வால்வைப் பூட்டி,
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
நீல மீட்டரையே பார்க்க வேண்டும்.
எதுவும் நடக்கக்கூடாது. அதற்குத்தான் காத்திருப்பு.

முள் அசைந்தது.
கண்ணின் கோளாறு என்று சொல்லிக்கொண்டேன்.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
இரண்டு கோடு ஏறியிருந்தது.

பெர்னபேவைக் கூப்பிட்டு நான் பேசிய பேச்சை
இங்கே எழுதப்போவதில்லை.
குழாய் அழுத்தத் தெரியாதவன் என்பதுதான் அதில் மென்மையானது.
அவன் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.
அவன் பக்கத்தில் ஒரு குழந்தை எண்ணிக்கொண்டிருந்தது,
பதினேழுக்குப் பிறகு மறுபடி பதினைந்து.

நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினேன்.
அவன் அழுத்திய நான்கு இடமும் கல்.
கண்டென்சர் முனையில், என் கை மட்டுமே பட்ட இடத்தில்,
ஒரு கொப்புளம் மெல்ல எழுந்தது,
உடைந்தது, திரும்ப எழுந்தது.
பிரித்தால், நகத்துணுக்கு அளவுக்குப்
பிதுங்கி நசுங்கிக் கிடந்தது வளையம்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இருட்டில் முடுக்கியவன் நான்.

ஞாயிறு இரவு முள் நின்றது.
ஒரு மணி நேரம். இன்னொரு அரை மணி, சும்மா.
நின்றதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

திங்கள் விடிகாலை நான்கு மணி.
கேஸ் ஏற்றியாயிற்று. மெலிந்த குழாய் சுடுகிறது,
தடித்தது கையில் வியர்க்கிறது.
ஏழு பேர் ஏறுகிறார்கள், ரத்தம் கழுவிக்கொள்ள,
மூன்று மணி நேரப் பாலையைத் தாண்டி.
தாகத்துக்கும் தண்ணீரை மூடியில் அளந்து குடிப்பவர்கள்.
பின்சீட்டு எலெயுதேரியோ
முகத்துக்கு நேரே காற்றைத் திருப்பி வைத்துக்கொண்டு
"இது போதும்" என்கிறார்,
வேன் இன்னும் கிளம்பக்கூட இல்லை.

அது போன இடத்தில் உள்ளங்கையளவு ஈரம்.
மார்ச்சிலிருந்து மழையில்லாத மண்.
டயர் கடை நாய் வந்து முகர்ந்து
என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு
நக்கத் தொடங்கியது.

பெர்னபே கடை திறப்பது எட்டு மணிக்கு.
இப்போது நாலேகால்.