மெய்யெழுத்து

இந்தக் கரையில் வல்கா, அந்தக் கரையில் வல்க்கா.
எஸ்தோனியாவுக்கும் லாத்வியாவுக்கும் நடுவே
ஓர் ஓடையும் ஒரு மெய்யெழுத்தும்.

பிப்ரவரி இரவொன்றில்
விஸ்வால்டிஸின் விறகுக் கொட்டகை பற்றிக்கொண்டது.
முதலில் வந்தது மைமு ஓட்டிய தீயணைப்பு வண்டி.
எல்லை தாண்டியதை அவள் கவனிக்கவில்லை.
கவனித்தது குழாய்தான்:
இந்த நாட்டு மரை அந்த நாட்டு வாயில் ஏறவில்லை.
கழுத்திலிருந்த கம்பளியை உருவிச் சுற்றி
இரு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.
பாதித் தண்ணீர் அவள்மேலேயே உறைந்தது.
மீதி, நெருப்புக்கு.

மறுவாரம் நகர மண்டபத்தில் கூட்டு ஒப்பந்தம்.
முகப்புரையை இரு மொழியிலும் வாசித்தார்கள்:
மனித மாண்பு, சுதந்திரம், சட்டத்தின் ஆட்சி.
விஸ்வால்டிஸ் கை தூக்கினார்.
"எல்லாம் சரி.
இரண்டு குழாய்க்கும் பொருந்துகிற வளையம்
எந்தப் பக்கத்தில் வருகிறது?"

சிரித்தார்கள்.
பிறகு எழுதினார்கள், பின்னிணைப்பு நான்கு:
பித்தளை வளையங்கள், பன்னிரண்டு.
செலவு யாருடையது என்று சண்டை
இன்னும் ஓயவில்லை.

மைமுவுக்கு இரண்டு விரல்கள் மரத்துப்போய்த்தான் இருக்கின்றன.
அலுவலகச் சுவரில் மாட்டிய அந்தத் தாளில்
மாண்பு என்ற சொல்லைக் கடக்கும்போது மட்டும்
லேசாகக் குறுகுறுக்கும்.